வண்டியின் சட்டமும் விற்பனைச் சட்டமும்



தமிழில் 'சட்டம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. படத்தைத் தாங்கும் மரச் சட்டமும் சட்டம். நாட்டை ஆளும் விதியும் சட்டம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தில் இவ்விரண்டு சட்டங்களும் ஒருங்கே வந்து நிற்கின்றன.

பல்லாண்டு ஓடிய, ஆயினும் நன்கு பேணப்பட்ட ஜீப் வகை வண்டி ஒன்றை ஒருவர் விற்க முற்படுகிறார். அதன் அடிச்சட்டத்தில் ஒரு காலத்தில் துரு ஏறியிருந்தது. முறையாகச் சுரண்டி, மருந்திட்டு, பூச்சுப் பூசி, துருவை நிறுத்திவிட்டார்கள். இது விற்பவருக்குத் தெரியும். வாங்க வருபவருக்குத் தெரியாது. அவரிடம் இதனைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் நம்புவதற்குச் சான்று என்ன? விலையில் எவ்வளவு குறைப்பது நியாயம்? 2024ஆம் ஆண்டில் என்னுடைய வண்டியை நான் விற்றபோது இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதிய வேதியியல் பாடம் எனக்கு அப்பொழுது பெரிதும் உதவியது.

முதலில் அடிச்சட்டம் என்றால் என்னவென்று தெளிவாகத் தெரிந்துகொள்வோம். இக்காலத்துச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. தகட்டாலான உடற்கூடே பாரத்தையும் தாங்கிக்கொள்கிறது. ஜீப் வகை வண்டிகளில் பல அவ்வாறல்ல. நீளவாட்டில் இரண்டு எஃகு உத்திரங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குத் தாங்கிகள். ஏணி ஒன்றைத் தரையில் கிடத்தியது போன்ற அமைப்பு. அந்த ஏணியின் மேல் உடற்கூட்டை வைத்து முடுக்கியிருப்பார்கள். பட்டறைகளில் இதனைச் 'சேஸிஸ்' என்பார்கள். 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும், 1994இல் வந்த டாட்டா சுமோவும், 2000இல் வந்த பொலேரோவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மேடு பள்ளமான பாதையில் பாரத்தோடு செல்வதற்கு ஏணிச் சட்டம் ஏற்றது. பாபநாசத்துக்கு மேலுள்ள மலைப் பாதையிலும், வாழைத் தோட்டங்களின் வரப்போரத்து மண் பாதையிலும் இவ்வண்டிகள் பல்லாண்டுகளாக உழைத்து வருவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இந்த ஏணியில் ஓர் இடர் உண்டு. அதன் உத்திரங்கள் பல இடங்களில் உள்ளே வெற்றிடம் உடைய பெட்டி வடிவில் அமைந்தவை. சேறும் நீரும் துளைகளின் வழியே உள்ளே புகும். நீர் வடிந்து போவதற்கென்று அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணால் அடைபட்டால் உள்ளே சென்ற ஈரம் வெளியேறாது. வெளிப்புறம் பளபளவென்று இருக்க, உட்புறத்திலிருந்து இரும்பு கரையும்.

இரும்பாணிகளை மூன்று சோதனைக் குழாய்களில் இட்டுச் செய்யும் சோதனையை நீங்கள் எல்லோரும் பள்ளியில் செய்திருப்பீர்கள். ஒன்றில் சாதாரண நீர். மற்றொன்றில் காற்று நீங்கக் கொதிக்க வைத்து, மேலே எண்ணெய் விட்டு மூடிய நீர். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் உப்பு வைத்து உலர்த்திய காற்று. முதற் குழாயின் ஆணி மட்டுமே துருப்பிடிக்கும். நீரும் உயிர்வளியும் கூடினால்தான் துரு என்பது இதனால் விளங்குகிறது. இதோடு சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையலறை உப்பு, நீரில் கலந்தால் என்ன ஆகும்? உப்பு நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். துருப்பிடித்தல் என்பது உண்மையில் மிகச் சிறிய மின்கலம் ஒன்று இரும்பின் மேற்பரப்பில் இயங்குவதேயாகும். உயிர்வளி குறைந்த இடத்தில் இரும்பு கரைகிறது. உயிர்வளி மிகுந்த இடத்தில் நீரும் உயிர்வளியும் மின்னணுக்களை ஏற்றுக்கொள்கின்றன. இடையிலுள்ள நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமானால் இந்த வேலை விரைவாக நடக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் ஈவான்ஸ் ஒரே ஒரு சொட்டு உப்பு நீரை இரும்புத் தகட்டின் மேல் விட்டு, நிறம் காட்டும் பொருள்களைக் கலந்து, இதனைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார். காற்றுப் படும் விளிம்பில் அன்று, காற்றுப் புகாத சொட்டின் நடுவில்தான் இரும்பு அரிக்கப்பட்டது. சேறு ஒட்டிய இடத்திலும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கிலும், பூச்சு உரிந்து உப்பிய இடத்திலும் துரு ஆழமாகத் தின்பதற்குக் காரணம் இதுதான்.

துரு தோன்றியதும் அதுவே இரும்புக்குப் போர்வையாகி மேலும் அரிக்காமல் காக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அலுமினியத்தில் அவ்வாறு நிகழ்கிறது. இரும்புத் துருவோ இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உதிர்ந்து, பொக்கென்று நிற்பது. அது ஈரத்தைப் பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆதலால் துருவே மேலும் துருவை அழைக்கிறது.

இனி நம் நிலத்தைப் பார்ப்போம். பொதிகையிலே பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்கே நன்னீரும் மழையும்; கிழக்கே உப்பளமும் கடற்காற்றும். இவ்வளவு குறுகிய தொலைவுக்குள் இரும்பின் ஆயுள் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கல்லிடைக்குறிச்சியில் பல்லாண்டு நின்ற வண்டியும், தூத்துக்குடி உப்பளத்தின் ஓரத்தில் அதே காலம் நின்ற வண்டியும் அடியில் ஒன்றுபோல் இரா. கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள் சட்டத்தின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். பதிவு எண்ணைக் கொண்டே ஒரு வண்டி பெரும்பாலும் எங்கே வாழ்ந்தது என்று ஊகிக்கலாம். டி.என். 72 என்றால் திருநெல்வேலி, 76 என்றால் தென்காசி, 69 என்றால் தூத்துக்குடி. ஆனால் இதனை ஊகமாகவே கொள்ள வேண்டும். என் வண்டியே அதற்கு எடுத்துக்காட்டு. 2009ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பதிவானது. நான் கடலோரப் பள்ளி ஒன்றில் பணியாற்றியபடியால் ஏழாண்டுகள் கிழக்கேதான் நின்றது.

கடற்காற்று இரும்பை எவ்வளவு வாட்டும் என்பதற்குப் பாம்பன் ரயில் பாலத்தைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைத் துருவிலிருந்து காப்பதற்காகத் தொழிலாளர்கள் ஆண்டாண்டு காலமாக வண்ணம் பூசி வந்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோக அரிமானத்தை ஆராய்வதற்கென்றே மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் நிலையங்கள் அமைத்திருப்பது காரணமின்றியன்று. கல்லூரி மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் காரைக்குடி நிலையத்தைக் கட்டாயம் பார்த்து வர வேண்டும்.

வெளிநாடுகளில் கடல் இல்லாத ஊரிலும் இதே துன்பம் உண்டு. அமெரிக்காவின் வடபகுதியில் பனிக் காலத்தில் சாலையிலுள்ள உறைபனியை உருக்குவதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடியைத் தின்றுவிடுகிறது. டொயோட்டா நிறுவனத்தின் டகோமா, டன்ட்ரா, செக்கோயா ஆகிய வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்ததைக் குறித்து அங்கே வழக்குத் தொடர்ந்தார்கள். 2016இல் ஏற்பட்ட உடன்பாட்டின் கீழ் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகள் வந்தன. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். பெயர்பெற்ற வண்டிக்கும் சட்டம் துருப்பிடிக்கும் என்பது இதனால் பெறப்படும்.

நம் பக்கத்தில் அண்மைக் காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வண்டியே பயணிகளோடு நின்றுவிட்டது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் பல நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து இருக்கைத் துணியை மாற்றிவிட்டால் பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் உத்திரத்தின் உள்ளே வண்டல் படிந்திருக்கும். நம் பகுதியில் பழைய வண்டி வாங்குபவர் எவரும், "அந்த டிசம்பரில் இது எங்கே நின்றது?" என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

இனித் துருவுக்குச் செய்யும் வைத்தியம். நான் 2021இல் ஓய்வு நாட்களைப் பட்டறையில் கழித்து, அருகிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். முதல் வேலை சுரண்டுதல். கம்பித் தூரிகையாலும் அரைக்கும் பொறியாலும் உதிரக்கூடிய துருவை எல்லாம் அகற்றிவிட வேண்டும். பிறகு சிறு சுத்தியால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். காருக்குறிச்சிப் பானையை வாங்குபவர் விரலால் தட்டி ஓசை கேட்பதில்லையா? அதே கலைதான். கெட்டியான எஃகு 'ணங்' என்று ஒலிக்கும். தின்னப்பட்ட தகடு மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் சுத்தி உள்ளேயே இறங்கிவிடும். அவ்வாறு இறங்கிய இடத்துக்கு எந்த மருந்தும் பயன்படாது. அழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். என் வண்டியில் வலப்புறப் பின் சக்கரத்துக்கு அருகே, குறுக்குத் தாங்கி ஒன்றில் சாண் அளவுக்கு இவ்வாறு செய்ய நேர்ந்தது. நீளவாட்டு உத்திரங்கள் இரண்டும் கெட்டியாகவே இருந்தன. இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. மேற்பரப்பில் செம்மை படர்ந்த துரு ஒன்று. தகட்டைத் துளைத்துவிட்ட துரு வேறு. இரண்டையும் 'துரு' என்ற ஒரே சொல்லால் சொல்லி வாங்குபவரை அச்சுறுத்துவதும் தவறு, ஏமாற்றுவதும் தவறு.

சுரண்டிய பின்பும் நுண்ணிய குழிகளில் எஞ்சிய துருவை மாற்றுவதற்கு மருந்து உண்டு. ஒருவகை மருந்தில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். மற்றொரு வகையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. அது துருவோடு சேர்ந்து கருமையான, எளிதில் கரையாத பொருளாகிறது. இந்த இரண்டாவது வேதியியல் நம் முன்னோருக்குப் புதியதன்று. கடுக்காயின் துவர்ப்பையும் இரும்புச் சத்துள்ள அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மை இதே வினையின் விளைவேயாகும். மருந்து காய்ந்த பின் துத்தநாகம் கலந்த முதற்பூச்சு. அதன்மேல் கறுப்பு வண்ணம். உத்திரத்தின் உட்புறத்தில் நீண்ட குழாயின் வழியே மெழுகு கலந்த எண்ணெய். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிக்கப்படுவதால் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. பட்டறைகளில் வழக்கமாகப் பூசும் ரெட் ஆக்சைடு என்னும் செங்காவிப் பூச்சின் நிறப்பொருளோ இரும்பு ஆக்சைடே. துருவின் உறவினரைக் கொண்டே துருவைத் தடுக்கிறோம் என்பது வேடிக்கையான செய்தி.

இரும்பை நெடுங்காலம் வைத்திருக்கும் கலையில் நம் ஆற்றங்கரை மிகவும் மூத்தது என்பதையும் இடையே சொல்லத் தோன்றுகிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது ஏராளமான இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில் வெளியாயிற்று. மண்ணுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டு கிடந்து துருவேறியும் உருக்குலையாத வாள்களைப் பார்த்துவிட்டு வந்தால், பதினைந்து ஆண்டு வண்டியின் துருவைக் கண்டு மனம் அவ்வளவாக அஞ்சுவதில்லை.

விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன வைத்தியத்தின் முடிவில் சட்டம் கறுப்பாக இருக்கும். வைத்தியமே செய்யாமல், துருவின் மேலேயே கறுப்பு வண்ணத்தை அப்பினாலும் சட்டம் கறுப்பாகத்தான் இருக்கும். காக்கும் பூச்சும் மறைக்கும் பூச்சும் ஒரே நிறம். வாங்குபவர் கீழே குனிந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இன்னும் சொல்லப்போனால் மறைக்கும் பூச்சு நேற்றுப் பூசியதாகையால் அதுவே அதிகம் பளபளக்கும். தாரைப் போன்ற கெட்டியான பூச்சாக இருந்தால் அதன் அடியில் ஈரம் சிறைப்பட்டு, துரு முன்னிலும் விரைவாக வேலை செய்யும். ஆகவே பூச்சினால் நேர்மை தெரியாது. பூச்சுக்கு முன் எடுத்த படங்களாலும், பட்டறை இரசீதுகளாலும், சுத்தியின் ஓசையாலுமே அது தெரியும். இந்தச் சான்றுகளை விற்கும் நாளில் உண்டாக்க முடியாது. சுரண்டிய அன்றே, செந்நிறம் கண்ணுக்குத் தெரியும்போதே, படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் நாற்பது படங்களும், மருந்தின் பெயர் குறித்த இரசீதும், பற்றவைத்த இடத்தின் அளவும் குறித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். ஆசிரியர் வேலை பார்த்தவனுக்குப் பதிவேடு எழுதும் பழக்கம் போவதில்லை.

இப்பொழுது இரண்டாவது சட்டத்துக்கு வருகிறோம். தெரிந்த குறையை விற்பவர் சொல்லாமல் விட்டால் அது குற்றமா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடி எதுவென்று வரையறுக்கிறது. பொய்யென்று அறிந்ததை மெய்யென்று கூறுவதும், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதும் மோசடி. ஆனால் வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது. பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமானாலோ மட்டும் அது மோசடியாகும். இதற்குச் சட்டம் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை. நோயுள்ள குதிரையென்று அறிந்தும் ஒருவன் வாய் திறவாமல் அதனை ஏலத்தில் விற்கிறான், மோசடியில்லை. வாங்குபவள் அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் வயது வந்தவள் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமென்றே கொள்வேன்" என்று சொல்லியும் விற்பவன் மௌனமாயிருந்தால், அந்த மௌனம் பேச்சாகவே கருதப்படும்.

குதிரை வணிகத்தை நாம் கண்டதில்லை. மாட்டுச் சந்தையைக் கண்டிருக்கிறோம். மேலப்பாளையம் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதையும், வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது கணிப்பதையும் நானும் இளமையில் வேடிக்கை பார்த்ததுண்டு. மாட்டின் பல் வாயைத் திறந்தால் தெரியும். வண்டிச் சட்டத்தின் உட்புறம் எதைத் திறந்தாலும் தெரியாது. அதனால்தான் சட்டத்தின் மௌன விதியை அப்படியே நம் விற்பனைக்கு ஏற்றிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. துருவின் மேல் வேண்டுமென்றே வண்ணம் அப்புவது மௌனமன்று, முனைந்து மறைத்தல். அது நேராகவே 17ஆம் பிரிவுக்குள் வந்துவிடும். வாங்குபவர் நேரே கேட்டும் "துருவே இல்லை" என்பது பொய்யுரை. நல்ல முறையில் நிறுத்தப்பட்ட துருவைப் பற்றி, கேளாதபோது சொல்லாமலிருப்பதுதான் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் இடம்.

வாங்குபவருக்கும் இங்கே பாடமுண்டு. மௌனத்தால் ஏமாந்ததாக முறையிடுபவர், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டிருக்கலாம் என்றால், ஒப்பந்தத்தைத் தள்ள இயலாது என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே பொறுப்பேற்பதாகக் கொள்ளலாகாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. அதற்கு விலக்குகள் உண்டு. அவை பெரும்பாலும் அதையே தொழிலாகக் கொண்ட வியாபாரியைக் கட்டுப்படுத்துபவை. என் போன்ற தனி மனிதரிடம் வாங்குபவருக்கு அத்துணைக் காப்பு இல்லை. ஆகவே அவர் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துவந்து, வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி அடியைப் பார்க்க வேண்டும். அதற்கு இடங்கொடாத விற்பனையாளரிடமிருந்து அவர் விலகிச் செல்வதே நன்று.

என் வண்டியை விற்றுத் தர முதலில் ஓர் ஆட்டோ கன்சல்டிங் கடைக்காரரை அணுகினேன். நெடுநாள் பழக்கமானவர். "சார், சட்டம் நன்றாகத்தானே இருக்கிறது? துரு என்ற பேச்சை எடுத்தாலே ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்பார்கள். கேட்டால் சொல்லுங்கள்; கேளாவிட்டால் விடுங்கள்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் சந்தையின் வழக்கத்தைச் சொன்னார். சட்டமும் பெரும்பாலும் அவர் பக்கமே. "அண்ணாச்சி, நான் படத்தைக் காட்டித்தான் விற்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலில் பார்க்க வந்தவர் நோட்டைப் புரட்டினார். நாலாவது படத்திலேயே எழுந்துவிட்டார். அவர் செய்ததும் சரியே. சிலருக்கு மனத்தில் ஐயத்தோடு வண்டி ஓட்ட இயலாது.

இரண்டாவதாக வந்தவர் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வாழை விவசாயி, நாற்பது வயதிருக்கும். தோட்டத்துக்கு உரமூட்டை கொண்டு போகவும், முதிய தாயாரையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு அழைத்துச் செல்லவும் வண்டி தேவை என்றார். அந்த ஒரு சொல்லிலேயே என் கணக்கு மாறிவிட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் குதிரை நோயுற்றால் குதிரைதான் சாகும். மலைச் சரிவில் குறுக்குத் தாங்கி முறிந்தால் உள்ளே இருப்பவர்கள் யார் என்பதை அவர் எனக்குச் சொல்லிவிட்டார். "தம்பி, முதலில் இந்த நோட்டைப் பாருங்கள், அப்புறம் கீழே படுத்துச் சுத்தியால் தட்டுங்கள், விலையைக் கடைசியில் பேசுவோம்" என்றேன். அவர் தம் ஊர்ப் பட்டறைக்காரரோடு மறுநாள் வந்து இரண்டு மணி நேரம் தட்டினார். பற்றவைத்த இடத்தைத் தாமே கண்டுபிடித்து, நோட்டிலுள்ள அளவோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். பெருவெள்ளத்தில் வண்டி எங்கே நின்றது என்றும் கேட்டார். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு மேட்டுப்பாங்கானது. சக்கரத்தின் அடிகூட நனையவில்லை என்பதைச் சொன்னேன். நான் கேட்க நினைத்திருந்தது மூன்று இலட்சம் ரூபாய். முடிந்தது இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். முப்பதாயிரம் நட்டமா என்றால், ஆம், நட்டந்தான். ஓய்வூதியக்காரனுக்கு அது சிறு தொகையன்று. ஆனால் படமும் இரசீதும் இல்லாமல் துருவை மட்டும் சொல்லியிருந்தால், ஐம்பதாயிரம் குறைத்துத்தான் கேட்டிருப்பார்கள்.

பணம் கைக்கு வந்ததும் விற்பனை முடிந்துவிட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். விற்பவருக்கு உண்மையான இடர் அதன்பின்தான் தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஒருவர் 2007இல் தம் காரை விற்றார். அது மேலும் சிலர் கை மாறிற்று. பதிவேட்டில் மட்டும் பழைய பெயரே நின்றது. 2009இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றுப் பல காலம் ஆன பின்பும் பெயர் அவரை விடவில்லை.

ஆகையால் 29ஆம், 30ஆம் படிவங்களை நிரப்பி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் தவணை. 'பரிவாகன்' இணையதளத்தின் வழியாகவே இப்பொழுது விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான குறிப்பும் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைப்பவர், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அவர் அனுமதி பெற்றவர்தானா என்று பார்த்து, ஒப்படைத்த செய்தியை இணையதளத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. காப்புறுதியைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுங்கச் சாவடிக்கான பாஸ்டாக் ஒட்டியை நான் முன்னரே அகற்றிவிட்டேன். அது விற்பவரின் கணக்கோடு பிணைந்தது.

தனியார் வண்டியின் முதற் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். என் வண்டிக்கு 2024இல் அந்தத் தவணை வந்தது. புதுப்பித்த பிறகே விற்றேன். இங்கே துருவோடு தொடர்புடைய ஒரு நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். சேஸிஸ் எண் சட்டத்தின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துப் படிவத்தில் ஒட்டும் வழக்கம் உண்டு. துருவைச் சுரண்டும் அவசரத்தில் பொறியால் அந்த எண்ணையும் அரைத்துவிட்டால், நல்ல வண்டியும் திருட்டு வண்டியாய்ச் சந்தேகிக்கப்படும். அவ்விடத்தை மட்டும் கையால் தேய்க்கச் சொல்லி அருகிலேயே நின்றிருந்தேன். பூச்சையும் அங்கே மெல்லியதாகவே விடச் செய்தேன்.

பெயர் மாற்றம் பதிவேட்டில் ஏறிய நாளன்று அவரிடம் நோட்டையும் ஒப்படைத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் சில குறிப்புகளை எழுதிக் கொடுத்திருந்தேன். திருச்செந்தூர் போய் வந்தால் மறுநாளே அடிப்பாகத்தை நன்னீரால் பீய்ச்சிக் கழுவுக. உத்திரத்தின் வடிதுளைகளை மாதம் ஒரு முறை கம்பியால் குத்தி அடைப்பு எடுக்க. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், உள்ளே எண்ணெய் தெளிக்க. வலப்புறப் பின் சக்கரத்தருகே பற்றவைத்த தகட்டை அப்பொழுதே சுத்தியால் தட்டிப் பார்க்க. ஓசை மந்தமானால் அதன்மேல் பாரம் ஏற்றற்க.